ஜூன் மாதத்துக் குறிக்கோள்கள்: ஆட்டிச நிலையிலுள்ள பதின்பருவத்தினரும் புதிய கல்வியாண்டும்

(பவானியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்திலேயே, மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட மரபாகக் குறிக்கப்பட்டுள்ள 12ஆம் நாளும் வருவதால், காவிரியும் பவானியும் கூடும் இந்த ஊரில் ஆண்டின் தொடக்கம் சித்திரையைக் காட்டிலும் ஜூனிலேயே அதிகம் உணரப்படுகிறது எனலாம். புதிய சீருடை, புதிய பாடநூல், புதிய வகுப்பாசிரியர் ஆகியவற்றோடு, இந்த வருடம் என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வியும் ஒவ்வொரு மாணவரிடமும் வீட்டாரும் உறவினரும் கேட்கும் கேள்வியாக வந்து நிற்கிறது. அக்கேள்வி கேட்கப்படாமலேயே கடந்து செல்லப்படும் ஒரு பிரிவினர் உண்டு. அவர்களுக்குரிய விடையை மற்றவர்கள் முன்கூட்டியே எழுதி முடித்திருப்பார்கள். ஆட்டிச நிலையிலுள்ள பதின்பருவத்தினர், அதாவது 13 முதல் 19 வயது வரையிலானோர், தமக்கென ஒரு கல்வியாண்டுக்குக் குறிக்கோள்களை வகுத்துக்கொள்வது எப்படி என்பதும், வகுத்தவை நிறைவேறப் பள்ளியும் குடும்பமும் எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுமே இவ்வுரையின் பொருள்.

ஆட்டிசம் என்ற சொல், 'தான்' என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லின் வழியே சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911 வாக்கில் வழங்கியது; ஆனால் இன்று அச்சொல் குறிக்கும் நிலையை மாஸ்கோவில் குருன்யா சுகரேவா 1925இலும், அமெரிக்காவின் பால்டிமோரில் 11 குழந்தைகளை ஆராய்ந்த லியோ கான்னர் 1943இலும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இலும் தனித்தனியே விவரித்தனர். அது நோயன்று, மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. மற்றவரோடு தொடர்புகொள்வதிலும் பழகுவதிலும் காணப்படும் வேறுபாடு ஒருபுறமும், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், ஒரு சில பொருள்கள்மீது ஆழ்ந்த நாட்டம், ஒலி ஒளி தொடுகை முதலியவற்றைப் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை மறுபுறமும் சேர்ந்து இருந்தால் அதனை ஆட்டிசம் என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்புப்படி 2021இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருந்தார். தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றும், தன்மயம் என்றும், அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்றோர் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. கடைசியாகச் சொன்ன பெயர் பிழையானது என்பதை இங்கேயே கூறிவிடுவது நல்லது: மின்விசிறியின் கிறீச்சொலியும் பக்கத்து மாணவரின் தலையெண்ணெய் மணமும் சட்டைக் கழுத்தின் உரசலும் ஒரே நேரத்தில் ஒருவரைத் தாக்கும்போது, அவரிடம் புற உலகம் இல்லாமற் போகவில்லை, தாங்க முடியாத அளவுக்கு மிகுந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' போன்ற நூல்கள் ஆட்டிசம் என்ற சொல்லையே தமிழில் ஏற்று எழுதின, இவ்வுரையும் அவ்வாறே வழங்குகிறது.

இந்தியச் சட்டம் இந்நிலையை உணர்ந்துகொள்ளக் காலம் பிடித்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏற்றுக்கொண்ட ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது நுழைந்து, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை வரிசைப்படுத்தியபோதுதான் முழு உரிமைகளோடு இடம்பெற்றது. சான்றிதழ் வழங்குவதற்கு ஐசா எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. இதில் 40 கூறுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது, மொத்தம் 70 முதல் 106 வரை இருந்தால் லேசானது என்றும், 107 முதல் 153 வரை நடுத்தரமானது என்றும், அதற்கும் மேல் கடுமையானது என்றும் கொள்ளப்படுகிறது. அளவுகோலின் வேலை அளப்பது மட்டுமே என்பதால் அதன்மீது குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த 40 கூறுகளும் ஒருவரிடம் எது இல்லை, எது மிகுதி என்று கேட்பவையே தவிர, அவர் எதை விரும்புகிறார் என்று கேட்பவை அல்ல. அந்தத் தாள் கோப்பில் சேர்ந்து பள்ளிக்குச் செல்லும்போது, அதிலுள்ள குறைகளின் பட்டியலே ஆண்டுக் குறிக்கோள்களின் பட்டியலாக மாறிவிடுவதுதான் சிக்கல்.

இந்த மாற்றம் நிகழும் இடம் தனிநபர் கல்வித் திட்டம் என்னும் ஆவணம். சிறப்பாசிரியர்களும் பெற்றோரும் இதனை ஐ.இ.பி. என்றே சொல்கின்றனர். ஒரு மாணவர் இப்போது எந்நிலையில் இருக்கிறார், ஆண்டு முடிவில் எந்நிலையை எட்ட வேண்டும், அதற்கு யார் என்ன உதவி செய்வார் என்பவற்றை எழுதிவைக்கும் திட்டம் இது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும், சிறப்புப் பள்ளியாயின் அதன் ஆசிரியரும் பெற்றோரோடு கலந்து இதனை எழுதுகின்றனர். தொடர்ந்து 40 நிமிடம் இருக்கையில் அமர்வார், பேசும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்ப்பார், கைகளை உதறுவதை நிறுத்துவார் என்பன போன்ற வாசகங்கள் இத்தகைய திட்டங்களில் வழக்கமாக இடம்பெறுபவை. இம்மூன்றையும் சற்று உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: இவை நிறைவேறினால் வகுப்பறை அமைதியாகும், எதிரிலிருப்பவருக்கு மனநிறைவு உண்டாகும், வெளியில் போகும்போது வீட்டாருக்குக் கூச்சம் குறையும், மாணவருக்குக் கிடைப்பது இன்னதென்று எளிதில் சொல்ல முடியாது. கையுதறல் என்பது தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் அசைவு என்பதும், முகத்தைப் பார்த்தால் சொல்வதைக் கேட்க முடிவதில்லை, கேட்க வேண்டுமானால் வேறெங்காவது பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் ஆட்டிச நிலையிலுள்ள பெரியவர்கள் பலர் எழுதியும் பேசியும் விளக்கியவை. பெரியவர்கள் முன்னிலையில் கண்ணைத் தாழ்த்தி நிற்பதை மரியாதை என்று போற்றிவந்த கொங்கு நாட்டில், ஒரு சிறுவன் கண்ணைப் பார்ப்பதில்லை என்பது எவ்வாறு முதல் குறையாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

பழகத் தெரியாதவர் ஆட்டிச நிலையிலுள்ளவர் மட்டுமே என்ற கருத்தை, தாமே அந்நிலையிலுள்ள பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் மறுத்தார். இருவேறு விதமாக உலகை உணரும் இருவர் சந்திக்கும்போது புரியாமை இருபக்கமும் இருக்கிறது, அதனை ஒரு பக்கத்தின் குற்றமாக எழுதுவது முறையன்று என்பது அவர் கூற்றின் சாரம். இரட்டைப் புரிதல் சிக்கல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பிறரைப் போலவே தோன்ற வேண்டும் என்பதற்காக அசைவுகளை அடக்கி, சிரிப்பையும் பேச்சையும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்வதை ஆய்வாளர்கள் மறைத்துக்காட்டல் என்ற சொல்லால் குறிக்கின்றனர். லாரா ஹல் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறு நாள் முழுதும் நடிப்பவர்கள் அடையும் களைப்பையும் தான் யார் என்ற குழப்பத்தையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தது. பள்ளியில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வீட்டு வாசற்படியை மிதித்ததும் புத்தகப் பையை வீசிக் கதறும் பிள்ளையைப் பற்றி, பள்ளியில் ஒழுங்காக இருக்கிறானே, வீட்டில்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்வோர், அந்த ஒழுங்கின் விலை எங்கே செலுத்தப்படுகிறது என்பதை அறியாதவர்கள்.

பெண் பிள்ளைகளிடம் இந்த மறைத்துக்காட்டல் மிகுதி என்று கருதப்படுவதாலும், அடக்கமாகவும் பேசாமலும் இருக்கும் பெண்ணை இங்கே யாரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை என்பதாலும், அவர்களுள் பலர் கண்டறியப்படாமலேயே பூப்பெய்தும் வயதைக் கடந்துவிடுகின்றனர்.

இனி, மாணவரே எழுதும் குறிக்கோள் எப்படியிருக்கும் என்பதைப் பார்க்கலாம். விளக்கத்துக்காக, பவானியிலிருந்து இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும், பேசக்கூடிய, பாடங்களில் ஏறக்குறைய வகுப்போடு ஒத்துச் செல்லக்கூடிய ஒரு மாணவனைக் கருத்தில் கொள்ளலாம். இவன் கற்பனை மாணவன், ஆனால் இவனுடைய கூறுகள் எவையும் கற்பனை அல்ல. இவனிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் அவன் எழுதக்கூடியவை இவையாக இருக்கலாம்: ஈரோட்டுக்குத் தனியாகப் பேருந்தில் போய் வர வேண்டும், சத்தம் அதிகமாகும்போது அழாமல் வெளியே போக வேண்டும், மதியச் சாப்பாட்டை ஒரே ஆளோடு சாப்பிட வேண்டும், மேட்டூர், பவானிசாகர் அணைகளின் நீர்மட்டத்தை ஒரு நாளும் விடாமல் குறித்துவைக்க வேண்டும், ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்குப் போகக் கூடாது. முதலாம் இடம் பிடிப்பேன் என்றோ, எல்லோரிடமும் பழகுவேன் என்றோ அதில் இராது.

நீர்மட்டக் குறிக்கோளைப் பெரும்பாலான வீடுகள் வெட்டி வேலை என்று ஒதுக்கிவிடும். ஆனால் ஐந்தில் வளம் மிக்கது அதுவே. ஆட்டிச நிலையிலுள்ளோரின் கவனம் பல கிளைகளாகப் பிரியாமல் ஒரே வாய்க்காலில் முழு வேகத்தோடு ஓடும் இயல்புடையது என்பதை டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெசர் ஆகியோர் 2005இல் ஒரு கோட்பாடாக விளக்கினர். ஒருமுகக் கவனம் என்று அதனைச் சொல்லலாம். அந்த வாய்க்காலை அடைத்துவிட்டு வேறு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முயல்வது வீண். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; பவானிசாகர் 105 அடி, 32.8 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி என்பதும், விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. சேரும் என்பதும் தெரிந்த மாணவனுக்கு, விழுக்காடு, விகிதம், வரைபடம், அலகு மாற்றம் ஆகிய கணக்குகள் அனைத்தையும் அவனுடைய குறிப்பேட்டிலிருந்தே கற்பித்துவிட முடியும். தென்மேற்குப் பருவமழையும் நீலகிரியின் புவியியலும் காவிரி வழக்கின் வரலாறும் அதைத் தொடர்ந்து வரும். நீர்மட்டத்தைக் கேட்டு யாரேனும் ஒரு மாணவர் தினமும் அருகில் வந்து உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக் குறிக்கோளும் தானே நிறைவேறத் தொடங்கும். நட்பு என்பது பொதுப்பேச்சில் பிறப்பதினும் பொதுப்பொருளில் எளிதாகப் பிறக்கிறது.

ஈரோட்டுக்குத் தனியே போகும் குறிக்கோள் வேறு வகையைச் சேர்ந்தது. 15 கிலோமீட்டர்ப் பயணம் என்று மற்றவர் கருதும் ஒன்றினுள், வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தைக் கணித்தல், எடுத்துச்செல்ல வேண்டியதை நினைவில் வைத்தல், பேருந்தின் பலகையைப் படித்தல், நெரிசலைத் தாங்குதல், தம்பி எங்க போகோணும் என்று நடத்துநர் கேட்கும்போது விடை சொல்லுதல், சில்லறை வாங்குதல், இறங்குமிடத்தை அறிதல், பேருந்து வராவிட்டால் அடுத்து என்ன என்று முடிவெடுத்தல் என எட்டு வேலைகளாவது அடங்கியுள்ளன. இவற்றைத் திட்டமிட்டு வரிசைப்படுத்தி, இடையில் மாற்றம் வந்தால் வழிமாற்றிக்கொள்ளும் மூளையின் திறனைச் செயல் ஒழுங்காற்றல் என்பர். ஆட்டிச நிலையில் அறிவுக்கூர்மை மிகுந்திருக்கும்போதும் இத்திறன் குறைந்திருப்பது உண்டு என்பதால், கணக்கில் நூறு வாங்குபவனுக்குப் பேருந்தில் போகத் தெரியாதா என்ற ஏளனம் பொருளற்றது. பெரிய செயலை இத்தகைய சிறு படிகளாக உடைத்து, முதல் மாதம் தந்தையோடும், அடுத்த மாதம் தந்தை பின்னிருக்கையிலும், பிறகு தந்தை ஈரோடு நிலையத்தில் காத்திருக்கவும், கடைசியில் தனியாகவும் போகும்படி அமைத்தால் காலாண்டு விடுமுறைக்குள்ளோ அரையாண்டுக்குள்ளோ அது கைகூடலாம். பேருந்து வராதபோது என்ன செய்வது என்பதையும் எழுதி அவன் சட்டைப் பையில் வைப்பது முக்கியம். கலங்கச் செய்வது பெரும்பாலும் கூட்டத்தைவிட எதிர்பாராமையே.

சத்தத்திலிருந்து வெளியேறும் குறிக்கோள் மாணவனுடையது எனினும் அதன் பாதி வேலை பள்ளியுடையது. காலை வணக்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, பாடவேளை மணி, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பெஞ்சை இழுக்கும் ஓசை ஆகியவை சேரும்போது தாங்குதிறன் உடைந்து, அழுகையோ அலறலோ ஓட்டமோ நிகழ்வதை மெல்ட்டவுன் என்கின்றனர். அடம்பிடித்தலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு, அடம் கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும், இது உடல் ஓய்ந்தால்தான் நிற்கும். ஒரு நிற அட்டையை மேசைமீது வைத்துவிட்டு அனுமதி கேளாமலேயே பத்து நிமிடம் நூலகத்துக்குப் போய்வரலாம் என்று வகுப்பாசிரியர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவன் அழாமல் வெளியேற முடியும். ஓர் ஆசிரியருக்கு மட்டும் தெரியாமற் போனாலும், அட்டை வைத்தவன் ஒழுங்கு மீறியவனாகிவிடுவான். சட்டத்தின் மொழியில் இதற்கு நியாயமான இசைவேற்பாடு என்று பெயர்; 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு ஏற்பிசைவு பெற்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் இதனைச் செய்துதர வேண்டும் என்கிறது. ஆகவே இதற்காகப் பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆடிப் பதினெட்டு பற்றிய கடைசி வரி, ஒரு விருப்பத்தை அன்று, ஒரு மறுப்பைக் குறிக்கோளாக்குகிறது. கூடுதுறைச் சங்கமேசுவரர் கோயில் படித்துறையில் அன்று கூடும் மக்கள் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த மறுப்பு விளங்கும். ஆயினும் குடும்பத்தின் வழக்கம், பாட்டியின் மனவருத்தம், ஊரார் கேள்வி ஆகியவற்றுக்கு முன் அது பெரும்பாலும் தோற்றுப்போகிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும், சொன்னால் அது மதிக்கப்படும் என்ற அனுபவம் பெறுவதும் பதின்பருவத்தில் உடற்பாதுகாப்போடு தொடர்புடையவை. தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஆபத்து நேரத்தில் மட்டும் பயன்படுத்து என்று கற்பிக்க முடியாது. விடியற்காலை நான்கு மணிக்கே கூட்டமில்லாதபோது போய் வரலாமா, பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடலாமா என்று அவனிடம் கேட்டு, அவன் விடைக்குக் கட்டுப்படும் வீட்டில்தான் அந்த உரிமை பழக்கமாகும்.

பேசாத பிள்ளைகளின் குறிக்கோளை எப்படி அறிவது என்ற வினா இங்கே எழும். படங்கள், எழுத்துகள், கருவிகள் வழியாகப் பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ அமையும் வழிகளை மாற்றுத் தொடர்பு முறைகள் என்பர். சென்னையில் அஜித் நாராயணன் தலைமையில் உருவாகி 2010 முதல் வழங்கிவரும் ஆவாஸ், இந்திய மொழிகளில் இயங்கும் இத்தகைய கருவிகளுள் முன்னோடி, அதில் தமிழும் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. மாணவரின் கையையோ மணிக்கட்டையோ மற்றொருவர் பிடித்துக்கொண்டு எழுத்தைத் தொடச் செய்யும் முறையில், வெளிப்படும் சொற்கள் பெரும்பாலும் பிடித்திருப்பவருடையவையே என்று 1990களின் சோதனைகள் காட்டிவிட்டன. எனவே, தாமே சுட்டுதல், இரண்டு படங்களுள் ஒன்றை எடுத்தல், ஒன்றைத் தள்ளிவிடுதல், ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போதல் ஆகிய சிறிய சைகைகளையே சான்றாகக் கொள்வது நேர்மை. இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். மெழுகுவத்தி, ஊதுவத்தி, காகிதப் பை என்று எல்லாருக்கும் ஒரே தொழிலைக் குறிக்கோளாக எழுதிவிடுவதற்கு அத்தனை நேரம் ஆவதில்லை என்பதும் அது பரவியிருப்பதற்கு ஒரு காரணம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தின் ஊரில், கோடு கோடாக நிறங்கள் மாறும் நெசவின் முறைமையை விரும்பி நிற்கும் ஒரு பிள்ளையைத் தறிப்பட்டறைக்கு அழைத்துச் சென்று காட்டிப் பார்க்கலாம்; அந்தத் தறியோசை பிடிக்காமல் அப்பிள்ளை திரும்பி நடந்தால் அதுவும் ஒரு விடைதான்.

ஒரு பதின்பருவத்தினரின் சொந்தக் குறிக்கோள் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு உலகறிந்த சான்று டெம்பிள் கிராண்டின். 1947இல் அமெரிக்காவில் பிறந்த இவர், அரிசோனாவில் தம் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் சட்டத்தைக் கண்டார். இங்கே கால்நடை மருந்தகங்களில் காணப்படும் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு உறவான அமைப்பு அது. அழுத்தம் பட்டதும் மாடுகள் அமைதியாவதைக் கண்டு, தமக்கும் அது பொருந்துமா என்று பார்க்க அதனுள் தாமே நுழைந்தார். பின் 18 வயதில் அத்தகைய பொறியொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். பள்ளியின் உளவியலாளர் அதனைப் பறிக்க முற்பட்டபோது, வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர், அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று படித்து அறிந்து நிறுவும்படி அவரைத் தூண்டினார். பின்னாளில் விலங்கறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற கிராண்டின், கால்நடைகளை அஞ்சாமல் நடத்தும் பட்டிகளையும் வழிகளையும் வடிவமைத்தார். காங்கேயம் காளைகளும் அந்தியூர்ச் சந்தையும் உள்ள இந்தப் பகுதியில் அவர் பிறந்திருந்தால், மாட்டுக்கொட்டகையில் நிற்காதே, போய்ப் படி என்றே அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று கருத இடமுண்டு.

நம் கடலோரச் சான்று ஜியா ராய். மும்பையைச் சேர்ந்த, ஆட்டிச நிலையிலுள்ள இச்சிறுமி, 2022 மார்ச் 20 அன்று தமது 13ஆம் வயதில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். 2024 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயையும் தனியே கடந்தார். இத்தகைய செய்திகளை நாளிதழில் படிக்கும் உறவினர், உங்கள் பிள்ளைக்கு என்ன திறமை என்று கேட்கத் தொடங்குவதும், திறமை எதுவும் இல்லாத பிள்ளை இரண்டாம் முறை தோற்றவராவதும் இதன் இருண்ட பக்கம். அருந்திறன் ஆட்டிசத்தின் நுழைவுக்கட்டணம் அன்று. ஈரோடு பேருந்தில் தனியே ஏறி இறங்கியவரும் தம் கடலைக் கடந்தவரே.

குறிக்கோள் வகுப்பதே கற்பிக்கத்தக்க ஒரு திறன் என்பதை அமெரிக்கக் கல்வியியலாளர் மைக்கேல் வேமெயரும் அவருடன் பணியாற்றியோரும் 2000இல் ஒரு முறையாக அமைத்தனர். என் குறிக்கோள் என்ன, என் திட்டம் என்ன, நான் கற்றது என்ன என்ற மூன்று கட்டங்களில், கட்டத்துக்கு நான்காக 12 கேள்விகளை மாணவரே தம்மைக் கேட்டுக்கொள்ளும் முறை அது. மூன்றாவது கட்டத்தில் குறிக்கோளையே மாற்றிக்கொள்ள இடமிருப்பதுதான் அதன் சிறப்பு. அந்நாட்டின் சட்டம், 16 வயதுக்குள் மாணவரின் பிற்கால வாழ்வுக்கான திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றும், அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரை அழைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16, 17 பிரிவுகளில் அப்படியொரு விதி இல்லை. ஆனால் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடும் 4ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் தம்மைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் தம் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உரிமையுடையவர்கள், அதற்குரிய உதவியையும் பெற வேண்டியவர்கள் என்று கூறுகிறது, ஐ.இ.பி. கூட்டத்தில் மாணவருக்கு ஒரு நாற்காலி போட இதைவிட வேறு ஆணை வேண்டியதில்லை.

முடிவெடுக்கப் பழகும் காலமும் குறுகியது. 18 வயது நிறைந்ததும், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கோரிப் பெற்றோர் விண்ணப்பிப்பது வழக்கம். 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, எல்லா முடிவுகளையும் ஒருவரே எடுக்கும் பாதுகாவலை விட்டு, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரம்புடைய பாதுகாவலை முன்வைக்கிறது. பதினெட்டு வயது வரை சட்டையின் நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுக்காத ஒருவர், பத்தொன்பதாம் வயதில் யாரோடு கலந்து எதை முடிவெடுப்பார்?

தேர்வுகளைப் பற்றிய செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில், மருத்துவச் சான்று உள்ள மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. பள்ளி வழியாகப் படிக்க இயலாதோர்க்கு 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்பை முடிக்கும் வாய்ப்பும் உண்டு. சலுகை என்று வழங்கினாலும், பொதுத்தேர்வுக்கான இவை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குறிப்பிடும் உரிமைகளே. எந்தச் சலுகை வேண்டும், எது வேண்டாம் என்பதை மாணவரிடம் கேட்க வேண்டும். தமிழை விரும்பிப் படிப்பவரிடமிருந்து தமிழ்த் தேர்வைப் பறித்துவிடுவது உதவியாகாது. சொல்வதை எழுதுபவராக முன்பின் அறியாத ஒருவர் மார்ச் மாதக் காலையில் திடீரென்று அருகில் வந்து அமர்வது, ஆட்டிச நிலையிலுள்ளவருக்குக் கேள்வித்தாளைவிடக் கடினமாகலாம் என்பதால், காலாண்டுத் தேர்விலிருந்தே அந்த ஏற்பாட்டைப் பழக்கிவிடுவது நல்லது. இதற்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குச் செல்கிறது. மருத்துவச் சான்றையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரைப் பார்க்கும்படி பெற்றோரை இவ்வுரை கேட்டுக்கொள்கிறது. போகும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்க.